தூங்காத பொட்டிக்கு ஃபார்மேட் எதற்கு?

டெஸ்க்டாப்பை ஸ்லீப்பில் போடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைக்குத் தூக்கிப் போனால் தீர்ப்பு ரெடி: "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு சார், ஃபார்மேட் அடிச்சிரலாம்." அதிலும் அடங்காவிட்டால் எஸ்எம்பிஎஸ், அப்புறம் மதர்போர்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு சுமார் 40 கிலோமீட்டர்தான். எந்த உதிரியும் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். மாற்றுவது இவ்வளவு சுலபம் என்றால் காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

இத்தனைக்கும் இது டிவிஎஸ் மோட்டாரின் ஊர். அந்த நிறுவனம் 2002-இல் தரத்துக்கான டெமிங் விருது வாங்கியது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்கப் பழகிய தொழிலாளிகள் நிறைந்த ஊர். அதே ஆள் வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு 'ஏன்' கூடக் கேட்காமல் காசை எடுத்து நீட்டுகிறார்.

கேட்டால் பொட்டியே பதில் சொல்லும். விஸ்டா (2007) காலத்திலிருந்தே விண்டோஸில் அந்த வசதி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையோடு 'லாஸ்ட்வேக்' சேர்த்துக் கொடுத்தால், கடைசியாகத் தட்டி எழுப்பியது யார் என்று காட்டும். சில சமயம் மழுப்பும், உண்மைதான். அப்போது 'டிவைஸ்கொயரி வேக்_ஆர்ம்டு' கொடுத்தால், எழுப்பும் உரிமை உள்ள உருப்படிகளின் பட்டியலே வரும். பெரும்பாலும் மவுஸ், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு.

மவுஸா என்று சிரிக்க வேண்டாம். பவர் பிரஸ் ஓடும் பட்டறையில் மேஜை அதிரும். ஆப்டிகல் மவுஸுக்கு அந்த அதிர்வும் அசைவுதான். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஒரு டிக்கை எடுத்தால் போதும். நெட்வொர்க் கார்டு என்றால் 'மேஜிக் பாக்கெட்' வந்தால் மட்டும் எழுப்பு என்று வைக்கலாம். கார்டின் மேக் முகவரியை 16 முறை அடுக்கிய ஒரு பாக்கெட் அது, தற்செயலாக வந்துவிடாது. ராத்திரி 2 மணிக்கு எழுகிறதா? விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வழக்கமாக வைத்திருக்கும் நேரம் அது. பவர் ஆப்ஷன்ஸில் 'வேக் டைமர்ஸ்' என்பதை அணைக்க வேண்டும்.

இதில் மைக்ரோசாஃப்டையும் சும்மா விட முடியாது. கேட்காமலே ஆளுக்கொரு சாவி கொடுத்துவிட்டு, யார் கதவைத் திறந்தது என்பதைக் கறுப்புத் திரைக்குள் ஒளித்து வைத்தால், சாதாரண ஜனம் என்ன செய்யும்? சும்மா 60 வாட் இழுக்கும் பொட்டி தினமும் ராத்திரி 12 மணி நேரம் விழித்திருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 21 யூனிட். கரண்ட் பில் ரெட்மண்டுக்குப் போவதில்லையே.

ஃபார்மேட் அடித்தால் இந்த உரிமையெல்லாம் பறிபோகுமா என்றால், அதுவும் இல்லை. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே சாவிகளை அதே ஆட்களிடம் கொடுக்கும். போவது டேலி கணக்கும் கல்யாண போட்டோவும்தான்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு டிக் எடுத்ததற்குக் காசு கேட்டால், "இதுக்கா காசு?" என்று சண்டைக்கு வருபவர்களும் நாம்தானே? அவர் காரணம் கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுங்கள். அப்படியும் ஃபார்மேட்தான் என்று நின்றால், லாஸ்ட்வேக்கில் என்ன வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பார்க்கவே இல்லை என்றால் பொட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.