தெரிந்த கதையில் தெரியாதது

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. நிறைவு நாளன்று காலையில் படுகளம், மாலையில் தீமிதி. துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. முடிவு தெரிந்துவிட்டால் கதையின் சுவை போய்விடும் என்பவர்கள் ஒரு படுகளத்தையாவது நின்று பார்க்க வேண்டும்.

மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். வேடம் கட்டிய துரியோதனனை அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்துகிறான் வீமன். தொடையில் கதாயுதம் இறங்குகிறது. மண்தொடையில் செந்நீர் வழிகிறது. திரௌபதி கூந்தலை முடிகிறாள். இதுவரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். சில ஊர்களில் இதற்குப் பிறகு துரியோதனனின் தாயுடைய ஒப்பாரி எழும். பாவிப்பயல் எப்போது விழுவான் என்று காத்திருந்த கூட்டமே அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அவனுக்கும் பெற்ற தாய் உண்டு என்பது யாரும் அறியாத செய்தியா? கோபத்தில் மறந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வியப்பைத் தொல்காப்பியம் மருட்கை என்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒன்று இன்னொன்றாக மாறுவதே ஆக்கம். ஆக, புதுமை நான்கில் ஒன்றுதான். கடைசிப் பத்தியில் திருப்பம் வைக்கும் கதைகள் அந்த ஒன்றை மட்டும் நம்புகின்றன. ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகின்றன. எதிர்பாராமல் நடக்க வேண்டும், அதே சமயம் முன்நடந்தவற்றின் விளைவாகவும் இருக்க வேண்டும் என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) இதற்கு நல்ல சான்று. அகலிகை கல்லானதும் தெரியும், சீதை தீக்குளித்ததும் தெரியும். இரண்டையும் நாம் சேர்த்து யோசித்ததில்லை. அவர் சீதையையே அகலிகையிடம் அதைச் சொல்ல வைக்கிறார். தன்னை மீட்ட ராமனா இப்படிச் செய்தான் என்று கேட்டவள் மறுபடி கல்லாகிறாள். முதல் வாசிப்பில் தூக்கிவாரிப் போடுகிறது. மறுபடி படித்தால், சாபம் நீங்கிய நாள்முதலே ஊரார் பேச்சுக்கெல்லாம் உள்ளர்த்தம் தேடி அவள் நொந்துகொண்டிருந்தது கண்ணில் படுகிறது.