மணிக்கட்டுக்கு மேலே ஒரு சிரை

சர்க்கரை நோயாளி ஒருவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரவு வார்டில் சேர்கிறார். முழங்கைக்குக் கீழே ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை நல்லா மூடுங்கய்யா" என்றதும், இடது கையில் கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு சிரை புடைத்து எழுகிறது. நேராக ஓடுகிறது, எலும்பின்மேல் படிந்திருப்பதால் நழுவுவதுமில்லை. பயிற்சி மருத்துவர்களின் செல்லச் சிரை அது. பிங்க் கேனுலா முதல் குத்திலேயே ஏறிவிடுகிறது. மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. எடுத்துவிட்டு நான்கு விரற்கடை மேலே இன்னொன்று. அதற்கடுத்த நாள் முழங்கை மடிப்பில். கேஸ் ஷீட்டில் கிரியாட்டினின் 2.4 என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைத்தார்கள். ஊசி போடும் இடத்தை மாற்றவில்லை.

அது செபாலிக் சிரை. அவருக்கு ஒருநாள் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அறுவை மருத்துவர் முதலில் தேடப்போவது அதைத்தான். இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்பவர்கள் அல்ல. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறோம். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலா கெடுவது பல நேரம் அது உருவாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பொது மருத்துவ வார்டில்.

தமனிக்கும் சிரைக்கும் அகம், இடை, புறம் என்று மூன்று படலங்கள் உண்டு. அவை அமைந்திருக்கும் விகிதம்தான் வேறு. தமனியில் இடைப்படலம் தடித்தது, மென்தசையும் மீள்நாரும் நிறைந்தது. சிரையில் அது மெலிந்து, புறப்படலமே பெரும்பங்கு. அதனால் சிரை எளிதில் விரியும். உடலின் இரத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எந்நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. கூடவே வால்வுகள். 1628இல் வில்லியம் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவியபோது சாட்சிக்கு அழைத்தது கட்டுப்போட்ட ஒரு முன்கையைத்தான். விரலால் சிரையை அழுத்தி, கீழ்நோக்கித் தள்ளினால் இரத்தம் வால்வைத் தாண்டுவதில்லை என்று காட்டினார்.

அதே முன்கை 1965இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மறுபடி முக்கியமானது. அதுவரை நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு இருந்த வழி, 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கொண்டுவந்த டெஃப்லான் ஷண்ட். தோலுக்கு வெளியே நிற்கும் குழாய் அது. அடிக்கடி உறையும், சீழ்ப்பிடிக்கும். பிராங்ஸில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஜேம்ஸ் சிமினோவும் மைக்கேல் பிரேசியாவும் வேறு வழி யோசித்தார்கள். குழாயே வேண்டாம், ரேடியல் தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் தோலுக்கு உள்ளேயே இணைத்துவிடலாம் என்றார்கள். இணைத்துத் தைத்தவர் அறுவை மருத்துவர் கென்னத் ஆப்பெல். 1966இல் கட்டுரை வெளிவந்தது. சிமினோ மாணவப் பருவத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். இந்த யோசனை அப்படிப்பட்ட ஒருவருக்கு வந்ததில் வியப்பில்லை.

இணைத்த பிறகு நடப்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. ஓய்விலிருக்கும் கையின் ரேடியல் தமனியில் நிமிடத்துக்கு 20, 30 மி.லி. ஓடினாலே அதிகம். நுண்நாளங்களின் தடையைத் தாண்டாமல் இரத்தம் நேரே சிரைக்குள் பாய ஆரம்பித்ததும் அது பத்து மடங்காகிறது. வாரங்கள் செல்லச் செல்ல 600 மி.லி.யைத் தாண்டுகிறது. ஓட்டத்தின் உரசலை எண்டோதீலியம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, மென்தசை தளர்கிறது, நாளம் விரிகிறது. உரசல் விசை ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஓட்டம் பத்து மடங்கு கூடினாலும் விட்டம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போனாலே, கணக்குப்படி, உரசல் பழைய அளவுக்கு இறங்கிவிடும். 2.5 மி.மீ. சிரை 5 மி.மீ.க்கு மேல் ஆவது இப்படித்தான். கூடிய அழுத்தத்தைத் தாங்க அதன் சுவரும் தடிக்கிறது. ஆறு வாரத்தில் ஓட்டம் 600 மி.லி., விட்டம் 6 மி.மீ., தோலிலிருந்து ஆழம் 6 மி.மீ.க்குள் என்று டயாலிசிஸ் பிரிவுகளில் சொல்லும் 'ஆறு'களின் விதி இந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது.

இத்தனைக்கும் அடிப்படை, சேதமில்லாத அகப்படலம். கேனுலாவின் நுனி அதை உரசிக்கொண்டே கிடக்கிறது. அதன் வழியே பொட்டாசியம் குளோரைடு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், வான்கோமைசின் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகிறது. சிரை அழன்று உள்ளே இரத்தம் உறைகிறது. வீக்கம் வற்றியதும் நாம் மறந்துவிடுகிறோம். உறைகட்டி நார்த்திசுவாக மாறி, சிரை கயிறுபோல் விறைத்துவிடுகிறது, அல்லது நடுவில் ஓரிடத்தில் குறுகி நிற்கிறது. விரியவேண்டிய நாளில் அது விரியாது. ஃபிஸ்டுலா முதிராத நோயாளிக்கு மிஞ்சுவது கழுத்துக் குழாய். அதோடு வரும் காய்ச்சலையும் கிருமித்தொற்றையும் விளக்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கு முன்கைச் சிரைகளைத் தொடாதீர்கள், புறங்கைச் சிரைகளைப் பயன்படுத்துங்கள் என்று வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. நம் வார்டுகளில் அது நடக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. "வலது கையில போடாதீங்க சிஸ்டர், சோறு சாப்பிடணும்" என்பார் நோயாளி. நியாயம்தான். செவிலியரும் இரக்கப்பட்டு இடது முன்கைக்குப் போவார். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஃபிஸ்டுலா வைக்க முதலில் பார்ப்பதும் அந்த இடது முன்கைதான். இடது கையாகவே இருக்கட்டும், ஆனால் மணிக்கட்டைத் தாண்டாமல், புறங்கையில். கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், பிளாஸ்திரியைக் கவனமாக ஒட்ட வேண்டும். அதைத் தவிர வேறு நட்டமில்லை.

பெரிய கேனுலா போட்டால்தான் ட்ரிப்ஸ் இறங்கும் என்பது வார்டில் ஊறிப்போன நினைப்பு. 500 மி.லி. பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 2 மி.லி. போதும். 22 கேஜ் நீலக் கேனுலாவில் 30 மி.லி.யே தாராளமாகப் போகும். அதிர்ச்சி நிலையில், இரத்தப்போக்கில் வருபவர் வேறு; அங்கே முழங்கை மடிப்பில் பச்சையைப் போடுங்கள், உயிர்தான் முதலில். நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. உடம்பு அசதி என்று வருபவருக்குக் கிளினிக்கில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டிலுக்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை. வாய்வழி மருந்துக்கு மாறிய பிறகும் 'இருக்கட்டும்' என்று விட்டுவைக்கும் கேனுலாவும் அப்படியே.

தமனியையும் விட்டுவைக்க வேண்டுமா என்றால், வேண்டும் என்றே சொல்வோம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு ரேடியல் தமனியின் இடைப்படலத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அதன் வழியே ஆஞ்சியோகிராம் செய்துவிட்டு, பின்னர் அது அடைபட்டிருந்தால், சிரை நன்றாக இருந்தும் பயனில்லை. இதய மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். மணிக்கட்டு வழியில் இரத்தக்கசிவு குறைவு என்ற அவர்கள் வாதத்திலும் உண்மை இருக்கிறது. சிறுநீரகம் பழுதான நோயாளிக்காவது எந்தக் கை என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்யலாம்.

யாருக்கு இந்தக் கவனம்? வழிகாட்டிகள் இ.ஜி.எஃப்.ஆர். அளவை வைத்துக் கோடு கிழிக்கின்றன. எங்கள் கருத்தில், சிறுநீரில் அல்புமின் போகும் சர்க்கரை நோயாளி எவரையும் இதில் சேர்க்கலாம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் 'இடது முன்கை வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுத அரை நிமிடம் ஆகாது. நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவைத்தால் அடுத்த மருத்துவமனையில் அவர்களே தடுப்பார்கள். எழுதினாலும் சொன்னாலும், ஊசித் தட்டில் பிங்க் மட்டும் கிடந்தால் கை அதற்குத்தான் போகும். வார்டு இண்டென்ட் எழுதுபவர்கள் இந்த மாதம் நீலத்தைக் கூட்டிக் கேளுங்கள்.