பழைய லேப்டாப்பே போதும்!

"ரெக்கார்டிங்னா புது லேப்டாப் வேணும்டா" என்று விடுதியில் பலரும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குரலைப் பதிவது ப்ராசஸருக்குப் பெரிய சுமையல்ல. பதியும்போதே எஃபெக்டுகளை ஓடவிடுவதுதான் சுமை. 2000-ல் வெளிவந்த ஆடாசிட்டி மென்பொருள் இன்றும் இலவசம். நமக்கு அது தாராளம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 44,100 ஹெர்ட்ஸில் 32 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 21 எம்.பி.; 16 பிட், மோனோ என்றால் 5 எம்.பி. சொச்சம்தான். ஒற்றை மைக்குக்கு ஸ்டீரியோ எதுக்கு? திருட்டு ஸ்டுடியோ சாப்ட்வேரை ஏற்றி வைரஸுக்குக் கதவு திறக்காதீர்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோரிடம் புது லேப்டாப் கேட்பதற்கு முன், அரைமணி நேரம் செட்டிங்கைப் பாருங்கள். இருப்பதை வைத்து வேலையை முடிப்பதுதானே டிப்ளமோ படிப்புக்கு அழகு!