லத்தி சொல்லும் சேதி

வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரகடத்தில் மத்திய அரசின் மையம் ஒன்று இருக்கிறது. குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்று பெயர். பிரேக் முதல் புகை வரை அங்கே கருவி வைத்து அளக்கிறார்கள். சுற்றிலும் கார், லாரி, புல்லட் என்று ஆலைகள். 'எத்தனை ஹார்ஸ் பவர்?' என்ற கேள்வி டீக்கடை பெஞ்சில்கூட சகஜம்.

அதே வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், முகூர்த்த நாள் சாயங்காலங்களில் நிஜக் குதிரையையும் பார்க்கலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மினி லாரியில் நின்றபடி, ஏதோ ஒரு மண்டபத்தின் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். அதன் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். பின்னால் விழுவதைக் குனிந்து பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, குதிரையும் யானையும் போட்டால் லத்தி. (போலீஸ்காரர் கையில் இருப்பது வேறு லத்தி.) முகம் சுளிக்க ஒன்றுமில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாட்டி காலையில் முதலில் என்ன கேட்பார்? 'குழந்தை வெளிக்குப் போச்சா, எப்படிப் போச்சு?' லாயத்திலும் அதே கேள்விதான். விவரம் தெரிந்த குதிரைக்காரர் லத்தியை அள்ளிக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அள்ளுவார்.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்றால், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை அத்தனை இறுக்கம். ஒவ்வாததைத் தின்றுவிட்டால் நாயும் பூனையும் கக்கிவிட்டுப் போய்விடும். குதிரைக்கு அந்த வழி அடைப்பு. மாட்டைப்போல அசைபோடுவதும் கிடையாது. உடம்பைப் பார்த்தால் இரைப்பை சின்னது. புல்லின் நாரைச் செரிக்கும் வேலையெல்லாம் பெருங்குடல் பகுதியில், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. அந்தப் பெருங்குடல் வயிற்றுக்குள் மடங்கி மடங்கிக் கிடக்கிறது. ஒரு வளைவில் சட்டென்று குறுகியும் போகிறது. ஆறு வழிச்சாலை திடீரென்று ஒற்றைப் பாலத்தில் நுழைகிற மாதிரி. காய்ந்த தீவனமும் குறைந்த தண்ணீருமாகச் சேர்ந்தால் நெரிசல் அங்கேதான். அப்போது வருகிற வயிற்றுவலியை 'கோலிக்' என்பார்கள். உலகம் முழுக்கக் குதிரைகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. சில வகைக் கோலிக், காலையில் நன்றாக நின்ற குதிரையை மறுநாள் காலைக்குள் சாய்த்துவிடும்.

சரி, நல்ல லத்தி எப்படி இருக்கும்? உருண்டை உருண்டையாக, லேசான மினுமினுப்போடு, ஈரமாக இருக்கும். தரையில் விழும்போது சில உருண்டைகள் உடையும், ஆனால் கூழாகப் பரவாது. கிட்டத்தட்ட முக்கால் பங்கு தண்ணீர்தான். நாற்றம் குடலைப் புரட்டாது; ஊறிய புல் வாசனை மாதிரி இருக்கும். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, மொத்தம் 15 கிலோ அளவுக்குப் போடும். ஆண் குதிரை தன் எல்லையைக் காட்டிக்கொள்ள, ஒரே இடத்தில் அடிக்கடி போடுவதும் உண்டு. நிறம் தீவனத்தைப் பொறுத்தது. பச்சைப்புல் தின்றால் பச்சை, வைக்கோலும் தவிடும் தின்றால் மஞ்சள் கலந்த பழுப்பு. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையைவிட அந்தக் குதிரையின் நேற்றைய கணக்குதான் பெரிது. பத்து தடவை போடுகிற குதிரை இன்றைக்கு மூன்றோடு நிறுத்திவிட்டால், அந்த மூன்றும் பார்க்க அழகாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

உருண்டைகள் சிறுத்து, காய்ந்து, கெட்டியாக விழுந்தால் தண்ணீர் போதவில்லை. மேலே சளி படர்ந்திருந்தால் குடலில் தங்கித் தாமதமாக வருகிறது என்று அர்த்தம். இரண்டுமே அடைப்புக்கு முன்னால் வருகிற எச்சரிக்கை. கொள்ளு முழுசு முழுசாக வெளியே வந்தாலோ, புல் நீளம் நீளமாகத் தெரிந்தாலோ குதிரையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். குதிரையின் பல் வாழ்நாளில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சமமாக இல்லாவிட்டால் ஓரம் கத்தியாகி, மெல்ல விடாது. மருத்துவர் அதை ராவிச் சரிசெய்வார். தார் மாதிரிக் கறுத்து வந்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். சிவப்பாகவே தெரிந்தால் கசிவு கடைசிப் பகுதியில். இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது.

லாரியில் ஏற்றும்போது பயத்தில் இளகிப் போவது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தண்ணீராகவே பீய்ச்சினால் கதை வேறு. பெரிய குதிரைக்குக்கூட சில மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். பிறகு குளம்பு வீக்கம் வரை கொண்டுபோய் விடும். குட்டி மட்டும் விதிவிலக்கு. பிறந்த இரண்டாவது வாரத்தில் லேசாகக் கழிவதும், தாயின் லத்தியைக் கொறிப்பதும் இயல்பு. நுண்ணுயிர்களைத் தன் குடலில் குடியேற்ற அதற்குத் தெரிந்த வழி அது.

மெரினா மாதிரிக் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு மணல் ஒரு தனித் தொல்லை. தரையில் போட்ட புல்லோடு மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலின் அடியில் படியும். ஐந்தாறு உருண்டைகளை மண் ஒட்டாமல் எடுத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் தொங்கவிட்டால் மணல் அடியில் தங்கும். தங்கவில்லை என்றால் வயிற்றில் மணலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தீவனத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் வைத்தாலே தொல்லை பெருமளவு குறையும்.

குதிரையின் வயிறு விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய கடன் ஒன்று உண்டு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் பாண்டியர்களின் குதிரை வியாபாரத்தையும் பற்றி எழுதியிருக்கிறார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அரசர் வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வாங்குவார். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் அவர். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை என்றும், இறைச்சியோடு வேகவைத்த சோற்றைப் போட்டார்கள் என்றும் காரணம் சொல்கிறார். போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்பவர் என்றே வைத்துக்கொள்வோம். சோறு என்ன செய்யும் என்பது இன்றைக்குத் தெளிவாகத் தெரியும். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும். வயிறு உப்பும், கழியும், குளம்பு வீங்கும்.

இன்றைக்கு அந்தச் சோறு மண்டபத்துப் பந்தியிலிருந்து வருகிறது. வாசலில் நிற்கிற குதிரைக்கு ஆசையாக ஒருவர் மிஞ்சிய சாதம் கொண்டுவருவார், இன்னொருவர் ஜாங்கிரி, பிள்ளைகள் பிஸ்கெட். வேண்டாம் என்று சொன்னால் குதிரைக்காரர் கஞ்சத்தனமாக மறுக்கிறார் என்று கோபம் வேறு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், அதுதான் உண்மையான உபசாரம். நாள் முழுக்க லாரியிலும் வெயிலிலும் நிற்கிற குதிரைக்குக் குறைவது அதுதான்.

சிக்கல் வருவதும் இந்த மாதிரி நாளில்தான். காலையிலிருந்து லத்தி இல்லை. குதிரை முன்காலால் தரையைப் பறிக்கிறது, தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரளப் பார்க்கிறது. முன்பணம் வாங்கியாகிவிட்டது, பேண்டு செட் அடிக்க ஆரம்பித்துவிட்டது, 'பத்து நிமிஷம்தானே' என்கிறார் மாப்பிள்ளையின் மாமா. அந்தப் பத்து நிமிஷத்துக்கு மாப்பிள்ளை காரில் வரலாம். ஒரகடத்தில் காருக்கா பஞ்சம்?

குதிரையின் முன்னால் இருக்கும் தீவனத்தை எடுத்துவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் பேச வேண்டும். பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது 50 கிலோமீட்டர் தள்ளி. ராத்திரி போக்குவரத்தையும் கணக்கில் வைத்துச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். மூங்கில் குழாயில் எண்ணெயும் கஷாயமும் ஊற்றுவது மட்டும் கூடாது. தொண்டை மாறி நுரையீரலுக்குப் போனால், வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேரும்.

மருத்துவர் வந்து நாடி பிடிப்பார், ஈறின் நிறம் பார்ப்பார், விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பார். அதற்கெல்லாம் முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எப்போ லத்தி போட்டுச்சு, எப்படி இருந்துச்சு?" காலையில் குனிந்து பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.