ஈறு நோய்: ஆய்வுக்கு நாம், சிகிச்சைக்கு யார்?

பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் 'உடம்புச் சூடு' என்கிறோம். பல் ஆடினால் 'வயசாச்சு' என்கிறோம். நாற்பது வயதுக்குள் பல் கொட்டியவர்கள் எந்த லயத்திலும் இருக்கிறார்கள். அதை நாம் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் உலகத்துப் பல் வைத்தியக் கல்லூரிகளில் இந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது, நம் மலைநாட்டுத் தொழிலாளர்களின் வாயைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

1970ஆம் ஆண்டு நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவின் குழு, மலைநாட்டில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. சிகிச்சை கொடுப்பது அந்த ஆய்வின் நோக்கமல்ல. சிகிச்சையே இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படி வளரும் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, முந்திய வருடமே ஒஸ்லோ நகரில் 565 மாணவர்களையும் படித்தவர்களையும் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்குச் சிறுவயது முதல் ஒழுங்கான பல் வைத்தியம் இருந்தது. நம்மவர்களுக்கு இல்லை.

கடைசிக் கணக்கு 1985இல் எடுக்கப்பட்டது. ஆய்வு நடந்த இடைப்பட்ட வருடங்களில் நம் சனம் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியிருந்தது. முதல் தடவை பார்த்தவர்களில் 161 பேரைத்தான் கடைசியில் பார்க்க முடிந்தது. முடிவுகள் 1986இல் வெளிவந்தன.

அந்த முடிவுகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாயில் பல்லே இல்லை. 81 பேருக்கு நிதானமாகப் பரவியது. 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே வேலை. ஆனாலும் மூன்று விதம். இன்னொன்றும் கண்டார்கள்: அவர்களில் பல் சொத்தை ஏறக்குறைய இல்லை. பல்லில் பூச்சி இல்லாமலேயே, ஈறும் அதன் அடி எலும்பும் கரைந்து பல்லை இழந்தார்கள். ஆகவே 'பல் வலிக்கவில்லையே' என்று சும்மா இருப்பது சரியல்ல. இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும்.

விஞ்ஞானத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த ஆய்வால் உலகம் படித்தது. நாமும் இன்று படிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வி உண்டு. 1965இலேயே, இதே பேராசிரியர் டென்மார்க்கில் மாணவர்கள் முதலான 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்ப விளக்கியதும் குணமானது. பல்லில் படியும் அழுக்கை எடுத்தால் ஈறு தேறும் என்பது நம் தோட்டத்துக்கு வருமுன்பே தெரிந்த விஷயம். அங்கே சில வாரத்தில் பிரஷ் கைக்கு வந்தது. இங்கே பதினைந்து வருடம் அளந்தார்கள். ஆய்வுக்கு உட்படும் மனிதரின் உயிரையும் உடல்நலத்தையும் காப்பது வைத்தியரின் கடமை என்று உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் சொன்னது 1964இல்.

ஆனால் குற்றத்தை வெளிநாட்டார் தலையில் மட்டும் போடுவது நேர்மையல்ல. வைத்தியமில்லாத 480 பேர் ஒரே இடத்தில் கிடைத்தது எப்படி? தோட்டமும் அரசும் நம்மை அப்படி வைத்திருந்தன. அன்று நம்மில் பெரும்பாலோருக்குக் குடியுரிமைகூட இல்லை.

இன்று குடியுரிமை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் இலவசம். ஆனால் வட்டகொடையிலிருந்து பஸ் ஏறி, நம்பர் எடுத்து, திரும்பி வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். பேரை இழந்து யார் பல்லைக் காட்டப் போவார்?

இன்னொன்று: அந்த ஆய்வில் ஒரு பெண்கூட இல்லை. கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பான்மை பெண்களுடையவை. கர்ப்ப காலத்தில் ஈறு அதிகமாக ரத்தம் கசியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகும். நம் தாய்மாரின் வாயை யார் பார்ப்பது?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பல் வைத்தியருக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர் வேண்டும். நடமாடும் பல் வைத்தியப் பிரிவு குறித்த தேதியில் தோட்டத்துக்கே வரவேண்டும். வேகமான நோய் 20 வயதிலேயே பல்லைப் பறிக்கிறது என்பதால், பாடசாலையை விட்டு வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈறு பரிசோதனை வேண்டும். இனி எந்த ஆய்வுக்கு யார் வந்தாலும் முதலில் தமிழில் விளக்கட்டும். நோய் கண்டால் சிகிச்சையும் கொடுக்கட்டும். முடிவைப் பிரட்டுக்களத்தில் வந்து சொல்லட்டும்.

நம் பங்கும் உண்டு. கரியையும் செங்கல் தூளையும் விட்டு, காலையிலும் படுக்குமுன்னும் பிரஷ்ஷால் விளக்குவோம். வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் போடுவதை விடுவோம். ரத்தம் வந்தால் சூடு என்று சொல்லாமல் பல் வைத்தியரிடம் காட்டுவோம். படிந்த காரையைச் சுரண்டி எடுத்தாலே பலருக்கு நோய் நின்றுவிடும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக முழுப் பேரை வைக்கிறோம். ஈறு நோயால் பல் இழந்தவர்கள் வந்து பேச வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.