பழக்குபவருக்கு மணிக்கு மூன்று டொலர்

என் சாச்சியின் மகள் அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் நர்ஸ் பிரக்டிஷனர் படிப்பு படிக்கிறா. "நர்ஸ்தானே, இன்னும் என்ன படிப்பு?" என்று நம்ம ஊரில் பலர் கேட்டார்கள். அங்கே தாதியாக இருப்பவர் மேற்படிப்பு முடித்து, நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதலாம். வைத்தியர் இல்லாத கிராமத்துக் கிளினிக்குகள் பல இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன.

பிள்ளைக்குப் பாடம் கஷ்டமில்லை. பயிற்சிக்குத்தான் இடமில்லை. 2022இல் வந்த தரநிலைப்படி குறைந்தது 750 மணித்தியாலம் நோயாளிகளோடு, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் பழக வேண்டும். அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பல பல்கலைக்கழகங்கள் மாணவரின் தலையிலேயே போட்டுவிடுகின்றன. கட்டணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கின்றன! இடம் பிடித்துத் தரும் கம்பனிகள் வேறு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கின்றன. போன மாதம் சாச்சி போனில் அழுததே அதற்காகத்தான்.

கிளினிக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாணவி பார்த்த நோயாளியை அவர்கள் திரும்பவும் பார்க்க வேண்டும், அவ எழுதியதைத் திருத்த வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். அன்றைக்குப் பார்க்கும் நோயாளிகள் குறைவார்கள், வருமானமும் குறையும். கல்வியியற் கல்லூரியில் இருந்து கற்பித்தல் பயிற்சிக்குப் போன நாட்களில், என் பாடக்குறிப்பை ஒரு சிரேஷ்ட ஆசிரியை இடைவேளையில் தேநீரும் குடிக்காமல் திருத்தித் தந்தா. அதற்காக ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று பிறகுதான் தெரிய வந்தது. அதனால் இந்த விஷயத்தில் நான் பழக்குபவர் பக்கம்.

ஜோர்ஜியா இதற்கு வரிச்சலுகை கொடுக்கிறது. பயிற்சிக்காக வேறு சம்பளம் வாங்காமல் மாணவரைப் பழக்குபவருக்கு, 160 மணித்தியாலம் கொண்ட ஒவ்வொரு சுற்றுக்கும் கட்ட வேண்டிய வரியில் ஒரு தொகை கழியும். மேரிலாண்ட், கொலராடோ, ஹவாய் மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்தது. நல்ல விஷயம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

ஜோர்ஜியாவில் 2019இல் இருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, வைத்தியருக்கு முதல் மூன்று சுற்றுக்கும் தலா 500 டொலர், நான்காவதில் இருந்து பத்தாவது வரை தலா 1,000. அதே வேலையை ஒரு நர்ஸ் பிரக்டிஷனர் செய்தால் 375, பிறகு 750. 500ஐ 160ஆல் வகுத்தால் மணிக்கு மூன்று டொலர் சொச்சம். 375 என்றால் இரண்டரை டொலர்கூட இல்லை.

மாணவி ஒருத்திதான், மணித்தியாலமும் ஒன்றுதான். அந்தத் தொழிலையே செய்து காட்டிப் பழக்குகிற மூத்த நர்ஸ் பிரக்டிஷனருக்கு மட்டும் ஏன் கால்வாசி குறைவு? ஹவாயில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சுற்றுக்கு 1,000 டொலர், வருடத்துக்கு 5,000 வரை என்று வைத்தது. அங்கே சுற்றும் 80 மணித்தியாலம்தான். ஜோர்ஜியாவுக்கு அது முடியாதா?

எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. சலுகை கொடுப்பது அரசாங்கம், அதாவது பொதுமக்களின் வரிப்பணம். கட்டணம் வாங்கிய பல்கலைக்கழகத்தின் பையில் இருந்து ஒன்றும் போவதில்லை. மாணவரைச் சேர்க்கும் முன்பே அவருக்குப் பயிற்சி இடம் ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தால், இந்தச் சலுகைக்கு இரட்டிப்புப் பலன் இருந்திருக்கும். இடம் இல்லையா, ஆளைச் சேர்க்காதே. எங்கள் கல்லூரியில் பயிற்சிப் பாடசாலையை நாங்களா தேடினோம்? பட்டியல் ஒட்டினார்கள், போனோம்.

நேற்றிரவு சாச்சி மறுபடியும் எடுத்தா. இடம் கிடைத்துவிட்டதாம், வீட்டில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். ஏற்றுக்கொண்டவ வைத்தியர் இல்லை, ஒரு நர்ஸ் பிரக்டிஷனர். இந்த வரிச்சலுகை பற்றி அவவுக்குத் தெரியவே தெரியாதாம். விண்ணப்பிக்கும் விபரத்தை எடுத்துக் கொடு என்று மகளிடம் சொல்லச் சொன்னேன்.