ஒரு மடக்கு ஸ்டூலுக்கு இடமில்லையா?

தேனாம்பேட்டையிலும் அதைச் சுற்றியும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கடந்த சில வருடங்களாக ஒரு புது வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். வயதான வாடிக்கையாளர்கள் சிலர் கைப்பையோடு ஒரு மடக்கு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அலுமினியக் குழாயில் கான்வாஸ் துணி மாட்டியது ஒரு வகை. இழுத்தால் உயர்ந்து ஸ்டூலாகி, அழுத்தினால் தட்டு மாதிரி ஒடுங்கிவிடும் வட்டமான பிளாஸ்டிக் வகை இப்போது அதிகம். கைத்தடியிலிருந்தே சிறிய இருக்கை விரிகிற மாதிரியும் வந்திருக்கிறது. நாலு கடை ஏறி இறங்குவார்கள். முடியாதபோது எங்கே நிற்கிறார்களோ அங்கேயே ஓரமாக விரித்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்து எழுந்து போவார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்கிற கடைப்பையன்களும் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் குடை கொண்டுவருவதைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

என் கடைக்குப் பல வருடமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன தீபாவளிச் சமயம் சொன்னது இது. தியாகராய நகரில் ஒரு பெரிய கடைக்குப் புடவை எடுக்கப் போயிருக்கிறார். வாசலில் இருந்த காவலாளி அவருடைய மடக்கு ஸ்டூலை வாங்கி, பை வைக்கிற இடத்தில் வைத்து டோக்கன் கொடுத்துவிட்டார். "இது இல்லாமல் என்னால் நிற்க முடியாதப்பா" என்று சொல்லியும் கேட்கவில்லை. உத்தரவு அப்படி என்றாராம். உள்ளே மூன்று மாடி. உட்கார ஓர் இடம் கிடையாது. பத்தாவது நிமிடம் டோக்கனைக் கொடுத்து ஸ்டூலை வாங்கிக்கொண்டு, எதுவும் எடுக்காமல் வீடு திரும்பிவிட்டார். அந்தக் கடைக்கு அன்று போனது ஓர் அம்மாளின் ஒரு புடவை வியாபாரம் மட்டுமல்ல. அவருக்கு இரண்டு மகள்கள், நாலு பேத்திகள். தீபாவளிக்கு எங்கே எடுப்பது என்று அந்த வீட்டில் முடிவு செய்கிறவர் அவர்தான்.

அந்தக் காவலாளி மீது குற்றமில்லை. பையில் சரக்கை மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் போட்ட விதி அது. மடக்கு ஸ்டூலில் எதை மறைப்பது? நடக்க முடியாதவரின் ஊன்றுகோலை வாசலில் வாங்கி வைப்போமா? ஸ்டூலும் அவருக்குக் கால்தான். இதைக் கடை முதலாளி வாயால் சொன்னால்தான் வாசலில் நிற்கிறவருக்குத் தைரியம் வரும்.

ஏன் நிற்க முடியவில்லை என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். "நடந்துதானே வந்தார், நிற்க மட்டும் முடியாதா?" என்று கேட்பவர்கள் நம்மிலேயே உண்டு. முழங்கால் மூட்டு தேய்ந்தவர்களில் பலருக்கு நடப்பதைவிட ஒரே இடத்தில் நிற்பதுதான் வேதனை. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்பு போகும் பாதை குறுகிப்போனவர்களுக்கு நூறு, இருநூறு அடி நடந்ததும் கால் மரத்துப் போகும். உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தவர்களுக்கும் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்று ஓய்ந்தால் விட்டுவிடும். இவர்கள் படுத்த படுக்கையான நோயாளிகள் அல்ல. நடுவில் ஐந்து நிமிட ஓய்வு கிடைத்தால் ஒரு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றக்கூடியவர்கள். அந்த ஐந்து நிமிடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே வியாபாரம் நடக்கும்.

இவர்கள் எண்ணிக்கை கொஞ்சமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். 2021-இல் இது 13.6 ஆகியிருக்கும் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை கணித்தது. இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அதிலும் தேனாம்பேட்டை விசேஷமான இடம். மாநில அரசின் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் ஏ.ஜி. அலுவலகம் இங்கே அண்ணா சாலையில் இருக்கிறது, பக்கத்தில் டி.எம்.எஸ். வளாகம். இரண்டையும் சேர்த்துத்தான் மெட்ரோ நிலையத்துக்கே ஏ.ஜி.-டி.எம்.எஸ். என்று பெயர். ஓய்வூதிய விஷயமாக ஏ.ஜி. அலுவலகம் வந்துவிட்டு, அப்படியே எல்டாம்ஸ் சாலைப் பக்கம் மருந்தோ மளிகையோ வாங்கிப் போகும் பெரியவர்களை நாம் எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! மாதம் பிறந்தால் கையில் ஓய்வூதியம் வருகிறவர்கள், கடன் சொல்லாதவர்கள், ஒரே கடையை விடாமல் பிடித்துக்கொள்கிறவர்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எந்த வியாபாரியாவது நழுவ விடுவானா?

ஆனால் விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2019 பிப்ரவரியில் தேனாம்பேட்டை மெட்ரோ நிலையம் திறந்தபோது, லிஃப்டில் ஏறி வந்துவிடலாம் என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதே வருடம் நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை வந்தது. லிஃப்ட் உண்டு என்றாலும் 570 மீட்டர் என்பது, இருநூறு அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டியவருக்குச் சின்ன தூரமல்ல. இருக்கட்டும், அரசும் மாநகராட்சியும் ஏதோ செய்திருக்கின்றன. வெளியே நடைபாதையில் உட்கார முடிகிற பெரியவர், நம் கடைக்குள் வந்தால் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நமக்கு வெட்கம்.

இது நம் தொழிலுக்கே புதிதான குறை. பழைய ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். ஜமக்காளம் விரித்து, வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் புடவையைப் பிரிப்பார்கள். மளிகைக்கடை வாசலில் ஒரு மரப் பெஞ்சு கிடக்கும். சாமான் கட்டுகிற வரை வாங்க வந்தவர் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நகைக்கடையில் நின்றுகொண்டு யாரும் நகை வாங்கியதில்லை. இன்றும் அந்த ஒரு தொழில்தான் இருக்கையை விடவில்லை. உட்கார்ந்த வாடிக்கையாளர் இன்னும் இரண்டு சாமானை ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்பார் என்பது நம் பெரியவர்கள் கண்ட கணக்கு. பிறகு கண்ணாடிக் கதவு வந்தது, தானே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது, பில் போடும் இடத்தில் வரிசை வந்தது. ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகைக் கணக்குப் பார்த்ததில் பெஞ்சு போய்விட்டது. வாடகையைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

ஊழியர்களின் இருக்கை விஷயத்தில் சட்டம் வந்துதான் நாம் விழித்தோம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் வருடக்கணக்கில் போராடி, 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் 1947-ஆம் வருடத்திய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் இது 1899-லேயே சட்டமாகிவிட்டது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றார்கள். நாம் நூற்றிருபது வருடம் பின்தங்கி வந்தோம். வாடிக்கையாளர் விஷயத்திலும் சட்டம் வந்து உலுக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அதில் பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் இடங்களும் அடக்கம். அந்த விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரிய கட்டடங்களைப் பற்றித்தான் இப்போது பேச்சு; நம் வரைக்கும் வர நாளாகலாம்.

இடையில் ஒன்று. ஊழியருக்காகப் போட்ட ஸ்டூலை உருவி வாடிக்கையாளருக்குக் கொடுப்பது சில கடைகளில் நடக்கிறது. அது உதவியல்ல. காலையிலிருந்து நிற்கும் பெண்ணின் இருக்கையை எடுத்து நாம் புண்ணியம் தேடிக்கொள்வதாகும். அவருடையது அவருக்கு, வாடிக்கையாளருக்கு வேறு.

"எட்டுக்குப் பத்து கடை, நாற்காலி போட இடம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசலில் போட்டால் நடைபாதை ஆக்கிரமிப்பு. மாநகராட்சி லாரி வந்தால் அதுதான் முதலில் ஏறும். கண் தெரியாதவர் தடுக்கி விழவும் கூடும். அதனால்தான் மடக்கு ஸ்டூல் என்கிறேன். மடித்தால் சுவரில் ஓர் ஆணிக்கு அடங்குவது. வேண்டும்போது எடுத்துப் போடலாம், எழுந்ததும் மாட்டிவிடலாம். விலையும் சில நூறு ரூபாயிலிருந்து இருக்கிறது.

ஆனால் கண்டதை வாங்கக் கூடாது. முக்கியமானது உயரம். மீன் பிடிக்கவும் சுற்றுலாவுக்கும் விற்கிற குட்டை ஸ்டூல் ஓர் அடி உயரம்தான் இருக்கும். மூட்டு வலிக்காரர் அதில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். மூன்று கால் ஸ்டூல் பக்கவாட்டில் சாயும். நாலு கால் நல்லது. நம் கடைகளில் இப்போது வழவழப்பான டைல்ஸ் தரை என்பதால் காலடியில் ரப்பர் பூண் கட்டாயம், தேய்ந்தால் மாற்ற வேண்டும். இழுத்து உயர்த்தும் பிளாஸ்டிக் வகையில் ஒவ்வொரு வளையமும் பூட்டிக்கொண்டதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பாதி பூட்டினால் உட்காரும்போது இறங்கிவிடும். எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள், படியுங்கள். முதுகு சாய வழியில்லாத சாமான் என்பதால் எப்போதும் சுவரை ஒட்டிப் போடுங்கள். எழும்போது பிடித்துக்கொள்ள மேஜை விளிம்பு பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பையனின் கை இருக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், திடீரென்று தோளைப் பற்றினால் சிலருக்குக் கோபம் வரும்.

உட்கார வைத்தால் எழுந்து போகமாட்டார்கள், பழங்கதை பேசுவார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பேசட்டுமே. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமானை இறக்குகிற கம்பெனிக்காரர்கள் நம் தெருவில் நம் கண்ணெதிரே வண்டி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் விலையிலும் வேகத்திலும் நாம் ஜெயிப்பது கஷ்டம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டத்தை அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. வெளியே வராமலே காலம் தள்ள எல்லா வழியும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் ஒருவர் கையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வருகிறார் என்றால், நாலு மனிதரைப் பார்க்க வேண்டும், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்க வேண்டும், பேசவேண்டும் என்றுதான் வருகிறார். அந்தக் கம்பெனிகளால் தர முடியாத சரக்கு அது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்துக் கடைக்காரர்கள், பெரியவர்கள் தயங்காமல் உள்ளே வந்து உட்காரலாம் என்று கண்ணாடியில் ஓர் அடையாளம் ஒட்டினார்கள். எதுவும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. டோக்கியோவில் சுகாமோ என்று ஒரு கடைத்தெரு, வயதானவர்களை நம்பியே நடக்கிறது. ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த வியாபாரம் அது. நம் பகுதியில் நாற்பது கடையில் இப்படி ஓர் அடையாளம் ஒட்டினால் பெரியவர்களுக்கு எங்கெங்கே உட்காரலாம் என்று ஒரு கணக்குக் கிடைக்கும். மெட்ரோ படியிலிருந்து மருந்துக்கடை, அங்கிருந்து மளிகை, அங்கிருந்து ஆலையம்மன் கோயில் என்று பிரித்துப் பிரித்து நடந்துவிடுவார்கள். ஒரு கடையில் மட்டும் ஸ்டூல் இருந்து இந்தப் பலன் வராது. அதனால்தான் இதைச் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கைத்தடியும் வாக்கரும் மருத்துவச் சாதனக் கடையில் கிடைக்கின்றன. பதினெட்டு அங்குல மடக்கு ஸ்டூலைத்தான் எங்கே கேட்பது என்று தெரியாமல் பெரியவர்கள் விளையாட்டுச் சாமான் கடையிலும் பிளாஸ்டிக் கடையிலும் அலைகிறார்கள். பாரிமுனையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் உயரமும் தாங்கும் எடையும் சரிபார்த்த சரக்கை எடுத்து வைத்தால் விற்பனை நிச்சயம் உண்டு.

வருகிற மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நம் பகுதியிலிருந்து போகும் மூத்த உறுப்பினர்களையும் நினைக்க வேண்டும். பந்தலில் நாற்காலி இருக்கும். சாப்பாட்டு வரிசையிலும் பஸ்சுக்காகக் காத்திருக்கும் இடத்திலும் இருக்காது. சங்கம் அதற்கு முன்னால் ஐம்பது ஸ்டூல் மொத்த விலைக்கு எடுத்து, மாநாட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். திரும்பி வந்ததும் அவை கடைக்கு ஒன்றாகப் போகட்டும். செலவைக் கடைக்காரர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஸ்டூலுக்கான பணத்தை நான் அன்றே கட்டிவிடுகிறேன்.